வாயில் ஒரு மடக்கு

முழுங்கக் கூடாது. இந்த நிமிஷம் எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். வாய்க்குள்ள ஒரு மடக்கு விஸ்கி இருக்கு, நாக்கு மேல பரவி ரெண்டு கன்னத்துக்குள்ளயும் போய் ஒக்காந்திருக்கு, எதிர்ல கிளமெண்ட் என் தொண்டையவே பாத்துக்கிட்டிருக்கான், எப்ப ஏறி எறங்கும்னு. என் மருமகன். என் ஒரே பொண்ணு பெர்னத்தக் கட்டினவன். செவ்வாக்கெழம பொழுது சாயற நேரம் அவ பொட்டியோட தனியா வந்தா. இன்னைக்கு ஞாயித்துக்கெழம, பூசை முடிஞ்ச கையோட இவன் பாட்டிலோட வந்திருக்கான், அவளக் கூட்டிட்டுப் போக. எங்க தெருவுல இதுக்கு ஒரு மொற இருக்கு, எவன் ஏற்படுத்தினானோ, அவன் நாசமாப் போக. கோச்சுக்கிட்டு வந்த பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போக வர்றவன் பாட்டில் கொண்டாரணும், மாமனாருக்குத் தன் கையால ஊத்தணும், மாமனார் ஒரு மடக்கு முழுங்கிட்டாருன்னா பேச்சு முடிஞ்சுது. எதுக்கு அடிச்சுக்கிட்டீங்க, யாரு தப்புன்னு அப்பறம் யாரும் வாயத் தொறக்கக் கூடாது. சோறு தின்னுட்டுப் பொட்டியத் தூக்க வேண்டியதுதான். முழுங்கலேன்னா பொண்ணு போவாது. முழுங்காத மாமனார இந்தத் தெருவுல நான் இன்னி வரைக்கும் பாத்ததில்ல. அப்பறம் எதுக்குடா வாயில ஊத்திக்கிட்ட, சவரிநாதா, மடப்பயலே? தொடவே மாட்டேன்னு காலையில கோயில்ல ஒக்காந்து முடிவு பண்ணேனே, சாமியார் பிரசங்கம் ஒரு வரி காதுல ஏறாம அதத்தானே யோசிச்சுக்கிட்டிருந்தேன்.

அவன் நேரா, வாங்க மாமா ஒரு பெக் போடலாம்னு சொல்லியிருந்தா கிளாஸத் தொட்டிருக்க மாட்டேன். கெட்டிக்காரன். "மாமா, ஐரிஷ் சிங்கிள் மால்ட், வெல கொஞ்சம்தான், தேறுமா தேறாதான்னு நீங்கதான் சொல்லணும்"னான். அவ்ளோதான், எனக்குள்ள இருக்கற நாய் எழுந்து நின்னுடுச்சு. முப்பத்தோரு வருஷம் இந்தப் பாண்டிச்சேரியில சரக்குக் கம்பெனியில நாக்க வாடகைக்கு விட்டவன் நான். காலையில ஏழு மணிக்கு வெள்ளத் துணி விரிச்ச மேசை, நாப்பது கிளாஸ், பக்கத்துல துப்பறதுக்கு ஒரு தொட்டி. முகரணும், வாயில வைக்கணும், இருவது எண்ணணும், துப்பணும், நோட்டுல தேறும் இல்லாட்டி தேறாதுன்னு எழுதணும். முழுங்கினா பத்தாவது கிளாஸ்லயே நாக்கு பொய் சொல்ல ஆரம்பிச்சுடும். ரிட்டையர் ஆகியும் அந்தப் புத்தி போகலியே. கிளாஸ அவன் நீட்டினான், என் கை தானா வாங்குச்சு, தானா சாய்ச்சு வெளிச்சத்துல பாத்துச்சு. வெளிறின நெறம், காஞ்ச வைக்கோலு. மூக்கு தானா உள்ள போச்சு. பச்ச ஆப்பிள். தேன். பால் பிஸ்கட்டு. பொக இல்ல, ஐரிஷ்ல அவ்வளவா பொக இருக்காது, மூணு தடவ காய்ச்சி வடிச்சிருப்பான், அதான் இவ்ளோ சன்னம். அதுக்கெல்லாம் அடியில புதுசா சீவின பென்சில் தூள். பள்ளிக்கூடத்துல முத நாள் வருமே, அந்த வாசன. இளசான மரப் பீப்பாயில அவசரமா ஊற வச்சிருக்கான், வெல கொறச்சலா விக்கணும்ல. எனக்கு என்னமோ உறுத்துச்சு. இந்தப் பென்சில் தூள இப்பத்தான், கொஞ்ச நாளுக்கு முன்னாடிதான் எங்கயோ முகர்ந்திருக்கேன். எங்க? எங்கடா? அத யோசிச்சுக்கிட்டே ஒரு மடக்கு வாயில ஊத்திக்கிட்டேன். செக்குமாட்டுக்குச் சுத்தறத விட்டா வேறென்ன தெரியும்?

இருவது எண்ணி முடிச்சுட்டேன். நாப்பது. எச்சில் ஊறுது, மடக்கு ரெண்டு மடக்காப் பெருகுது, ஈறு மரத்துப் போகுது. துப்பத் தொட்டி இல்ல. தர மேல துப்பிடலாம், துப்பினா அவ போகல, அது இந்த வீட்டுல இருக்கற நாலு பேருக்கும் தெரியும். எதுக்குத் துப்பறேன்னு கேட்டா என்ன சொல்லுவேன்? என்ன நடந்துச்சுன்னு அவ ஒரு வார்த்த சொல்லலியே. அஞ்சு நாளா கேட்டுப் பாத்தாச்சு. "ஒண்ணும் இல்லப்பா, சும்மா உங்களப் பாக்கணும்னு தோணுச்சு." சும்மா வர்றவ மூணு செட்டுத் துணியோடயா வருவா? அடுக்களையில ரெஜினா நல்லி எலும்பு வெட்டறா. டக். டக். என் பொண்டாட்டிக்கு எலும்பக் கடையில வெட்டி வாங்கினா பிடிக்காது, அவளே வெட்டணும். டக். இவன் பேசிக்கிட்டே இருக்கான். "எப்டி மாமா? நான் இன்னும் வாயிலயே வைக்கல, சத்தியமா. நேத்து ஏர்போர்ட்லேருந்து வர்றப்பதான் வாங்கினேன். மொத மொத நீங்கதான்." அவன் கையப் பாக்கறேன். கட்ட வெரலு, மயிரு மண்டின வெரலு, மோதர வெரல்ல நான் போட்ட மோதரம். கம்பெனியில பாட்டில் கழுவற மெஷின்ல ஒருத்தன் கை மாட்டி, நிறுத்தறதுக்குள்ள முழங்கை வரைக்கும் இழுத்துக்கிச்சு, அவன் போட்ட சத்தம் ரெண்டு வாரம் என் காதுல இருந்துச்சு. இந்தக் கைய அந்த மெஷின்ல விடணும். நானே சுவிட்சுக்கிட்ட நின்னுக்கிட்டு மெதுவா நிறுத்தணும். ஐயோ, என்ன நெனப்பு இது, காலையிலதானே நன்ம வாங்கினேன், இதே நாக்குலதானே அப்பத்த வச்சாரு சாமியார்.

பெர்னத் உள் ரூம் வாசல்ல நிக்கறா. பொட்டி அவ காலுகிட்ட. தலைய இறுக்கமாப் பின்னி எடது பக்கம் முடிய எறக்கி விட்டிருக்கா, செவ்வாக்கெழமலேருந்து அப்டித்தான், பொறந்ததுலேருந்து காதுக்குப் பின்னாடி ஒதுக்கறவ. நான் அவளப் பாக்கறேன், அவ தரையப் பாக்கறா. எழுவது எண்ணிட்டேன். வாய்க்குள்ள இப்பத் தேன் கரைஞ்சு போயி மெளகு காரம் வருது, வெள்ள மெளகு, பரவால்லியே, இந்த வெலைக்கு இவ்ளோ எதிர்பாக்கல. த்தூ, என்ன பொழப்புடா உன் பொழப்பு. பொண்ணு உசுரு ஊசலாடுது, மெளகு காரத்த ரசிக்கறான். "முழுங்கிடுங்கப்பா"ன்னா அவ. மெதுவாத்தான் சொன்னா. "பரவால்ல. நான் போறேன். சோறு ஆறிடும்." கிளமெண்ட் சிரிச்சான். "பாத்தீங்களா மாமா, அவளே சொல்லிட்டா. நீங்க முழுங்கறதில்லன்னு ஊருக்கே தெரியும், ஆனா இன்னைக்கு ஒரு நாள் நம்ம வீட்டு மொறைக்கு முழுங்கித்தான் ஆவணும்." பரவால்லன்னு சொன்னா பாரு, அந்தச் சொல்லு. அவளுக்கு ஆறு வயசுல சைக்கிள்லேருந்து விழுந்து மொழங்கால் சில்லு பேந்து ரத்தமா வந்து நின்னப்பவும் அதத்தான் சொன்னா. பரவால்லப்பா. அன்னைக்கு அவளத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஓடும்போது அவ தலையில வெயிலும் தேங்காண்ணெயும் மணத்துச்சு. எம்பொண்ணு தலை வாசன எனக்குத் தெரியாதா?

தலை வாசன.

அங்கதான். செவ்வாக்கெழம. வாசல்ல வந்து நின்னா, வந்ததும் எப்பவும் போலக் குனிஞ்சா, நான் நெத்தியில சிலுவ போட்டேன், போட்டுட்டு உச்சந்தலையில முத்தம் குடுக்கறது எங்க பழக்கம். குடுத்தேன். பஸ்ஸு தூசி, வேர்வ, அதுக்கடியில பச்ச ஆப்பிள். தேன். பென்சில் தூள். புது ஷாம்பு போலன்னு நெனச்சேன். முட்டாப்பயலே, எந்தக் கம்பெனிக்காரன்டா ஷாம்புல பென்சில் தூள் போடறான்? மூக்கு அப்பவே சொல்லிடுச்சு, மனசுதான் கேட்டுக்கல. காதுக்குப் பின்னாடி ஒரு பிளாஸ்திரி. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்ப்பா." அன்னைக்கு ராத்திரி அவ தலைக்கு ஊத்திக்கிட்டா, வாசன போயிடுச்சு, நானும் விட்டுட்டேன். இப்ப மேசை மேல இருக்கற அட்டப் பொட்டியப் பாக்கறேன். வந்ததுலேருந்து அது என் கண்ணு முன்னாடிதான் இருக்கு, இப்பத்தான் பாக்கறேன். ஒரு பக்கம் பூராவும் டேப்பக் கிழிச்ச தடம், அட்டையோட தோலு உரிஞ்சு வந்திருக்கு. மேல பாதிச் சீட்டு ஒட்டியிருக்கு, மீதி பாதி கிழிஞ்சு போச்சு. ஜோடிப் பாட்டில். ஏர்போர்ட்ல ரெண்டையும் சேத்துக் கட்டித்தான் தருவான், சல்லிசா. நேத்து வாங்கினானாம். போன திங்கக்கெழமதான் வேல பாக்கற தோஹாவுலேருந்து எறங்கினான், அது எனக்குத் தெரியாதா? திங்கக்கெழம வந்தான், ஒரு பாட்டிலத் தொறந்தான், குடிச்சான், கிளாஸோட எம்பொண்ணு தலையில அடிச்சான். மிச்சமிருந்த ஒண்ண எனக்குக் கொண்டாந்திருக்கான், மொத மொத நீங்கதான் மாமான்னு. அவ மண்டையில ஊத்தின சரக்க என் வாயிலயும் ஊத்திட்டான். நானும் அத நாக்குல உருட்டி உருட்டி நல்லா இருக்கு நல்லா இருக்குன்னுக்கிட்டு ஒக்காந்திருக்கேன்.

என் கை போய்ப் பாட்டில் கழுத்தப் புடிச்சுது. நான் புடிக்கல, கைதான் புடிச்சுது. கனமான பாட்டில், அடி தடிப்பு, இந்த மாதிரி பாட்டில் ஒடையாது, மண்டதான் ஒடையும். மூக்குத் தண்டுல ஒண்ணு. பொட்டுல ஒண்ணு. கீழ விழுந்தப்பறம் வாயில ஒண்ணு, சிரிச்ச வாயில, பல்லு ஒவ்வொண்ணா அந்தத் தொண்டையில எறங்கட்டும், முழுங்கட்டும், மொறைக்கு முழுங்கட்டும். ரத்தம் எப்டி மணக்கும்னு எனக்குத் தெரியும், துருப்புடிச்ச கொழா மாதிரி. இந்தச் சுவரெல்லாம் அந்த வாசன ஏறட்டும். ஜெயிலுக்குப் போறேன், அறுவத்து மூணு வயசாச்சு, இன்னும் என்ன மசுரு இருக்கு எனக்கு? எழுந்தேன். நாற்காலி பின்னாடி சாஞ்சு விழுந்துச்சு. பாட்டில் என் தோளுக்கு மேல போயிடுச்சு. கிளமெண்ட் மொகத்துல சிரிப்பு அப்டியே காஞ்சு நிக்குது. அடுக்களையில டக் நின்னுச்சு. பெர்னத் கை மேல போச்சு. எடது காத மூடிக்கிட்டா. அவ அவனப் பாக்கல. பாட்டிலப் பாத்து மூடல. என்னப் பாத்து மூடறா, அவ அப்பனப் பாத்து. அடுக்கள வாசல்ல ரெஜினா வந்து நின்னா, வலது கையில கத்தி. அவ எடது கையும் மேல போச்சு. அதே காது. அதே மாதிரி உள்ளங்கையால பொத்தி, தோள ஒடுக்கி. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல.

ஐயோ மாதாவே.

முப்பத்து மூணு வருஷமாச்சு. அந்தக் காது அன்னையிலேருந்து கேக்காது ரெஜினாவுக்கு. கல்யாணமாகி ரெண்டாவது வருஷம், கம்பெனி சரக்க அப்ப நான் முழுங்குவேன், முழுங்கிட்டு வந்தேன், மீன் கொழம்புல உப்பு இல்லன்னு அறைஞ்சேன். ஒரே அற. அவ விழல, சும்மா நின்னுக்கிட்டே காதப் பொத்திக்கிட்டா, வெரலுக்கு நடுவுல ரத்தம் வந்துச்சு. காரைக்காலுக்குப் போயிட்டா. ஒரு வாரம் கழிச்சு நான் பிராந்தி பாட்டிலோட போனேன். அவங்கப்பா மதலமுத்து, ரொட்டிக்கட வச்சிருந்தவரு, கையில மாவு ஒட்டிக்கிட்டிருந்துச்சு, கழுவாம அப்டியே வந்து எதிர்ல ஒக்காந்தாரு. "கை தவறிப் போச்சு மாமா"ன்னேன். கிளாஸ எடுத்தாரு, கிளாஸ் பூரா மாவு வெரல் பதிஞ்சுது, வாயில ஊத்தி ரொம்ப நேரம் வச்சிருந்தாரு. கண்ணு ரெண்டும் நெறைஞ்சு போச்சு. சரக்கு காரம்னு நெனச்சு உள்ளுக்குள்ள சிரிச்சேன், பெருசுக்குப் பழக்கமில்லன்னு. அப்பறம் முழுங்கினாரு. எவ்ளோ பெருமையா அவளப் பஸ்ஸுல ஏத்திட்டு வந்தேன் அன்னைக்கு. டாக்டரு அந்தக் காது அவ்ளோதான்னு சொன்னப்பறம்தான் முழுங்கறத விட்டேன். ஒரு சொட்டு முழுங்கினதில்ல, நல்லவன், சவரிநாதன் தங்கமான மனுஷன், தெருவுல கேட்டுப் பாருங்க. அவ கை மட்டும் இன்னும் அந்தக் காதுக்குப் போவுது. நான் தண்ணிச் சொம்பத் தூக்கினாக் கூடப் போவுமோ? முப்பத்து மூணு வருஷமாப் பக்கத்துல படுத்திருக்கேன், நான் பாக்கலியே. நாப்பது கிளாஸ்ல ஒரு கிளாஸ் தப்பா இருந்தாக் கண்டுபுடிக்கறவன், இதப் பாக்கலியே.

இப்ப மதலமுத்து வச்சிருந்த எடத்துலதான் நான் வச்சிருக்கேன். எவ்ளோ எண்ணினேன்னு தெரியல, கணக்கு விட்டுப் போச்சு. வாயெல்லாம் எரியுது, கடைசியில வர்ற கசப்பு வந்துடுச்சு, மரக் கசப்பு, நீளமா நிக்காம சட்டுனு அறுந்து போவுது. பாட்டில எறக்கி மேசை மேல வச்சேன். மெதுவாத்தான் வச்சேன், ரெண்டு பேருக்கும் தெரியற மாதிரி. ரெஜினா கை கீழ வந்துச்சு. பெர்னத் கை வரல. கிளமெண்ட் தனக்கு ஊத்தி வச்சிருந்த கிளாஸ என் பக்கம் இழுத்தேன். குனிஞ்சு அதுக்குள்ள துப்பினேன். ஒரு சொட்டு விடாம, எச்சிலோட. அவன் முன்னாடி தள்ளி வச்சேன்.

"என்ன மாமா இது?"ன்னான், கிளாஸப் பாத்துக்கிட்டே.

"சரக்கு தேறும்"னேன். நாக்கு தடிச்சுப் போயி சொல்லு கொழகொழன்னு வந்துச்சு. "வெலைக்கு மேலயே இருக்கு. ஆப்பிள், தேன், அடியில பென்சில் தூள். செவ்வாக்கெழமயே எனக்குத் தெரியும், எம்பொண்ணு தலையில முகர்ந்தேன். இதோட ஜோடிப் பாட்டில் எங்கடா?"

அவன் அட்டப் பொட்டியப் பாத்தான். பெர்னத்தப் பாத்தான். அவ இப்பத்தான் நிமிந்து அவனப் பாத்தா, அவன் கண்ண எடுத்துக்கிட்டான். "மாமா, அது வந்து, கை தவறி..."

"தெரியும்டா. நானும் அதான் சொன்னேன், இதே வார்த்ததான். எந்திரி. வெளியில போ. நாளைக்கி ஸ்டேஷன்ல நான் சொல்ற வாசனையெல்லாம் எழுதிக்குவாங்களோ மாட்டாங்களோ, பிளாஸ்திரிக்கு அடியில இருக்கறத எழுதிக்குவாங்க."

அவன் பாட்டில எடுத்துக்கிட்டே போனான். அந்த நேரத்துலயும் அத விட்டுட்டுப் போக மனசு வரல அவனுக்கு. வாசல் கேட்டு சாத்தற சத்தம் வந்துச்சு. பெர்னத் அங்கயே பொட்டி மேல ஒக்காந்து அழ ஆரம்பிச்சா, சத்தம் போட்டு, சின்னப் புள்ளயாட்டம். எனக்குக் கிட்டப் போகப் பயமா இருந்துச்சு. கையத் தூக்கினா மறுபடி காத மூடிக்குவாளோன்னு பயம். கைய வேட்டியில தொடச்சுக்கிட்டே நின்னேன்.

"என்ன சொன்னீங்க அவங்கிட்ட?" ரெஜினா கேட்டா. நான் அவ எடது பக்கம் நின்னிருந்தேன், அவளுக்குச் சரியா விழுந்திருக்காது. சுத்தி வந்து வலது பக்கம் நின்னேன்.

"பெர்னத் போவலன்னு சொன்னேன்."

"முழுங்கலியா?"

"துப்பிட்டேன்."

அவ மேசை மேல இருந்த கிளாஸ ரொம்ப நேரம் பாத்தா. கத்தியில எலும்புத் தூள் ஒட்டிக்கிட்டிருந்துச்சு, முந்தானையால தொடச்சா. "எங்கப்பா துப்பியிருந்தாருன்னா"ன்னா, கோவமா இல்ல, சும்மா சொன்னா, "நான் இந்த வீட்டுக்குத் திரும்பி வந்திருக்க மாட்டேன்."

வாய் இன்னும் எரிஞ்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு.

"ஆமா"ன்னேன். அவளோட நல்ல காதுப் பக்கம்தான் நின்னிருந்தேன்.